ஆலையும் காமிராவும்

தில்லி மாநகரின் தென்பகுதியிலுள்ள முனிர்கா ஆலைகளுக்குப் பெயர்போன இடமன்று. அஃது ஒரு காலத்தில் உழவர் வாழ்ந்த கிராமம். அதைச் சுற்றியிருந்த நிலங்களில் இன்று ராமகிருஷ்ணபுரத்தின் குடியிருப்புக்களும், 1969இல் தொடங்கப்பெற்ற ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகமும் பரந்து நிற்கின்றன. பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. ஏர் பூட்டிய நிலம் ஒரு தலைமுறைக்குள்ளே எவ்வாறு கண்மறைந்து போகிறது என்பதை முனிர்காவின் முதியோர் நேரில் கண்டவர்கள். நிலத்துக்கு நேர்ந்தது ஆலைக்கும் நேர்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் பழைய தொழிற்சாலை ஒன்றை, அது மறைவதற்கு முன்னே, நல்ல காமிராவைக்கொண்டு முறையாகப் படமெடுத்து வைப்பது எவ்வாறு என்பதைக் குறித்து இன்று சிறிது ஆராய்வோம்.

தில்லி அரசு அலுவலகங்களின் நகரம் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். ஆயினும் அஃது ஆலை நகரமாகவும் விளங்கியது. 1889ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தில்லி கிளாத் மில்ஸ் சரியாக ஒரு நூற்றாண்டுக் காலம் துணி நெய்து, 1989இல் மூடப்பட்டது. 1996ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், தீங்கு விளைவிக்கத்தக்க 168 பெரிய தொழிற்சாலைகள் அவ்வாண்டு நவம்பர் 30ஆம் தேதியோடு நகரில் இயங்குவதை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. பதர்ப்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் ஓய்ந்தது. நகரின் காற்றுக்கு இவை நன்மை செய்த மாறுதல்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தவர்களின் கைத்திறன் என்ன ஆயிற்று? எந்தக் கையால் எந்த நெம்புகோலை எவ்வாறு இழுத்தார்கள், ஒருவர் பின் ஒருவராக எங்கே நின்றார்கள் என்பதைக் கணக்குப் புத்தகங்கள் சொல்லமாட்டா. படம் சொல்லும்.

படத்தின் இந்த வல்லமைக்குத் தில்லியிலேயே ஒரு சான்று உண்டு. பிரகதி மைதானத்தில் 1972இல் எழுப்பப்பட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்னும் கண்காட்சி மண்டபம், ராஜ் ரேவல் என்னும் கட்டடக் கலைஞரும் மகேந்திர ராஜ் என்னும் பொறியியல் வல்லுநரும் சேர்ந்து படைத்தது. 2017 ஏப்ரலில் அஃது இடித்துத் தள்ளப்பட்டது. அம்மண்டபத்தை இன்று நாம் பார்க்க விரும்பினால், மதன் மஹட்டா எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது. கட்டடம் தரைமட்டமான பின்பு படமே சாட்சியாக நிற்கிறது.

தொழிற்சாலையைப் படமெடுக்கும் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1920களின் இறுதியில் அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரில் மார்கரெட் பூர்க்-ஒயிட் என்னும் இளம்பெண் ஓடிஸ் எஃகு ஆலையைப் படமெடுக்கப் புகுந்தார். உருகிய எஃகு கண்ணைக் கூசச் செய்யும்படி ஒளிர்ந்தது. படத்திலோ அந்த ஒளி சரிவரப் பதியவில்லை. காரணம் எளிது. அக்காலத்துப் பிலிம் நீல ஒளியை நன்கு உணரும். சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணராது. உருகிய எஃகின் செவ்வொளி நம் கண்ணுக்கு வெளிச்சமாகவும் பிலிமுக்கு இருளாகவும் இருந்தது. மக்னீஷியத் தீவட்டிகளை அருகே கொளுத்தி, அவற்றின் வெண்ணிற ஒளியில் அவர் படங்களை எடுத்து முடித்தார். நம் கண் காண்பது வேறு, பிலிம் காண்பது வேறு என்பதே ஆலைப் படக் கலையின் முதற்பாடம். இப்போது கிடைக்கும் பிலிம்கள் பெரும்பாலும் சிவப்பையும் உணர்வன. ஆயினும் அந்தப் பாடம் வேறு வடிவங்களில் நம்மைத் தொடர்ந்துகொண்டே இருக்கிறது.

நம் நாட்டில் 1912இல் முதல் எஃகு வார்த்த ஜம்ஷெட்பூர் ஆலை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வங்காளப் பஞ்சத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டிய சுனில் ஜானா அவ்வாலையையும் அதன் தொழிலாளரையும் படமெடுத்தார். பம்பாயில் வாழ்ந்த மிட்டர் பேடி, தொழிற்சாலைப் படத்தையே தம் வாழ்வின் தொழிலாக்கிக்கொண்டார். ஜானாவின் படங்களில் மனிதன் முன்னே நிற்கிறான்; பேடியின் படங்களில் யந்திரமும் குழாயும் கோபுரமும் ஓங்கி நிற்கின்றன. இரு நோக்குக்களும் நமக்குத் தேவை.

இனிக் கருவிக்கு வருவோம். கையிலுள்ள தொலைபேசியே படமெடுக்கும் இக்காலத்தில், 120 ரோல் பிலிம் போடும் நடுத்தர அளவுக் காமிரா எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பிலிம் 1901ஆம் ஆண்டு முதல் வழங்கி வருவது. 1929இல் ஜெர்மனியில் தோன்றிய ரோலிஃபிளெக்ஸ், 1948இல் சுவீடனில் வெளிவந்த ஹாஸல்பிளாட், பின்னர் ஜப்பானிலிருந்து வந்த யாஷிகா ஆகியவை இவ்வகையில் நாம் அறிந்தவை. தலைநகரின் வரலாற்றையே படமாக்கிய ஹோமாய் வியாரவாலாவின் கையில் விளங்கியதும் ரோலிஃபிளெக்ஸ்தான். இக்காமிராக்களில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு நெகடிவும் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் சதுரம். 35 மில்லிமீட்டர் பிலிமின் நெகடிவோ 36க்கு 24. பரப்பைக் கணக்கிட்டால் முன்னது பின்னதைப்போல மூன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். 40 சென்டிமீட்டர் சதுரப் படம் ஒன்று அச்சிட வேண்டுமானால், பெரிய நெகடிவை ஏழு மடங்கு பெருக்கினாற் போதும். சிறியதைப் பதினேழு மடங்கு பெருக்க வேண்டும். யந்திரத்தின் மேல் பொறித்த எழுத்து, வார்ப்பிரும்பின் சொரசொரப்பு, பல ஆண்டுகள் கைபட்டு வழவழப்பான பிடி ஆகியவை தெளிவாக விழுவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 35 மில்லிமீட்டர் காமிராவுக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் எவ்வாறோ, அவ்வாறே இதற்கு 80 மில்லிமீட்டர் லென்ஸ். குவியத் தூரம் நீளும்போது, முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் குறுகும். எட்டு மீட்டர் தொலைவிலுள்ள யந்திரத்தைக் குறிவைத்து, லென்ஸின் துவாரத்தை எஃப் 4 என்னும் அளவில் திறந்தால், ஏறக்குறைய ஆறரை மீட்டரிலிருந்து பத்தரை மீட்டர் வரையே தெளிவு இருக்கும். எஃப் 16க்குச் சுருக்கினால் நான்கு மீட்டரிலிருந்து கூடத்தின் கடைசிச் சுவர் வரை யாவும் தெளியும். ஆனால் ஒளி குறையும். எஃப் 4இல் முப்பதில் ஒரு விநாடி போதுமானால், எஃப் 16இல் அரை விநாடி வேண்டும். அரை விநாடி நேரம் காமிராவைக் கையில் அசையாது பிடிப்பவர் எவரும் இலர். ஆகவே மூன்றுகால் தாங்கியும், விரல் படாமல் ஷட்டரை இயக்கும் கம்பியும் இன்றியமையாதவை.

தாங்கி இருந்தாற் போதுமா? ஓடும் ஆலையின் தரையே அதிரும். பெரிய யந்திரத்தின் அஸ்திவாரத்தோடு ஒட்டிய இடத்தையும், இரும்புத் தட்டு வேய்ந்த மாடங்களையும் விலக்கி, தனியான கற்றளத்தில் தாங்கியை ஊன்றுங்கள். தாங்கியின் தலைமேல் கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு கைக்குத் தெரிந்தால் படத்திலும் தெரியும். கால்களை அதிகம் நீட்டாமல், நடுவில் ஒரு கனத்தைத் தொங்கவிடுவதும் பயன் தரும். அதிர்வு அடங்கவே இல்லையெனில், தொழிலாளர் உணவுக்குச் செல்லும் வேளையில் கட்டடத்தையும் நிற்கும் யந்திரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஓடும் யந்திரத்துக்குக் குறுகிய நேரத்தை ஒதுக்கலாம்.

ஓட்டத்தைப் படத்தில் காட்டுவதும் ஒரு கணக்கே. நிமிஷத்துக்கு 120 முறை சுழலும் பறக்கும் சக்கரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முப்பதில் ஒரு விநாடியில் அது 24 பாகை திரும்பிவிடும். ஆரங்கள் மங்கலாய்ப் பரவி, சக்கரம் சுழல்கிறது என்பது பார்ப்பவருக்கு விளங்கும். ஒரு விநாடி முழுதும் திறந்து வைத்தால் ஆரங்கள் மறைந்து, சக்கரம் ஒளி ஊடுருவும் தட்டுப்போல் ஆகிவிடும். ஐந்நூற்றில் ஒரு விநாடியில் எடுத்தாலோ அது ஒன்றரைப் பாகைக்கும் குறைவாகவே நகரும். ஓடும் யந்திரம் நின்றுபோன யந்திரமாகத் தோன்றும். ஆகவே ஓடும் ஆலையை ஓடும் ஆலையாகவே காட்ட விரும்புபவர், உறைய வைக்கும் வேகத்தை நாடக்கூடாது. யந்திரத்தின் உடல் தெளிவாகவும், சுழலும் உறுப்பு மங்கலாகவும் விழும் வேகத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது ஒளி. பழைய ஆலைகள் பலவற்றின் கூரை ரம்பப் பற்களைப்போல் அமைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கத்திலும் கண்ணாடி பதித்து, அதை வடக்கு நோக்கி வைப்பார்கள். நேர் வெயில் உள்ளே விழாமல், வானத்தின் மெல்லிய ஒளி மட்டும் நாள் முழுதும் ஒரே சீராக இறங்குவதற்காகச் செய்த ஏற்பாடு இது. மின்விளக்கு அரிதாய் இருந்த காலத்தில் நூலின் இழையைப் பார்க்க உதவிய அதே ஒளி, நமக்குப் படமெடுக்கவும் உதவுகிறது. ஆனால் இங்கே ஊருக்கு ஊர் வேற்றுமை உண்டு. தில்லியில் நண்பகற் சூரியன் ஆண்டு முழுதும் தென்புறமாகவே நிற்கும். திருச்சிராப்பள்ளியிலோ ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்டு பிற்பாதி வரை நண்பகலில் அது தலைக்கு வடபுறமாக நிற்கும். அப்போது வடக்குக் கண்ணாடி வழியே வெயிற் கற்றைகள் உள்ளே இறங்கக்கூடும். தூசி நிறைந்த கூடத்தில் அக்கற்றைகள் அழகுதான். ஆயினும் யந்திரத்தின் நுணுக்கத்தை அவை விழுங்கிவிடும். எது வேண்டும் என்பதை முன்னரே முடிவுசெய்து, நாளும் வேளையும் பார்த்துச் செல்ல வேண்டும்.

கரி படிந்த யந்திரத்துக்கும் வெளிச்சமான ஜன்னலுக்கும் உள்ள ஒளி வேறுபாடு மிகப் பெரியது. ஒளிமானியைக் கூடத்தின் நடுவே பொதுவாகக் காட்டினால், ஜன்னல் அதை ஏமாற்றிவிடும். யந்திரம் கரிய திட்டாக விழும். கறுப்பு வெள்ளை நெகடிவில் நிழல் பதியாவிட்டால் பின்னர் எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது. எனவே, விவரம் தெரிய வேண்டிய மிகக் கரிய பகுதியை அணுகி அளந்து, அந்த அளவைவிட இரண்டு படி குறைத்து எடுங்கள். டெவலப் செய்யும்போது நேரத்தைச் சற்றுக் குறைத்தால் ஜன்னலும் வெளிறிப்போகாது. ஒரு விநாடிக்கு மேல் திறந்து வைக்க நேர்ந்தால், பிலிமின் உணர்ச்சி தளரத் தொடங்கும். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை அந்தந்தப் பிலிமுக்குரிய குறிப்புத் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமான காட்சியை மூன்று அளவுகளில் எடுப்பது செலவன்று, சிக்கனமே. திரும்ப வரும்போது அந்த யந்திரம் அங்கே இல்லாமற் போகலாம் அல்லவா?

கொதிகலன், புகைபோக்கி முதலிய உயரமான பொருள்களை எடுக்கையில் காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் அவை பின்புறம் விழுவனபோல் தோன்றும். காமிராவை மட்டமாக வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று, அல்லது எதிரேயுள்ள படிக்கட்டில் ஏறி நின்று எடுத்தால் இக்குறை நீங்கும். கீழே மிகுதியாக விழும் தரையை அச்சிடும்போது வெட்டிவிடலாம். பெரிய நெகடிவாதலால் வெட்டியபின்னும் தெளிவு மிஞ்சும். இரட்டை லென்ஸ் காமிராவின் கண்ணாடியில் காட்சி நிமிர்ந்தே தெரிந்தாலும், இடமும் வலமும் மாறித் தெரியும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆலையின் தூசியும் நீராவியும் காமிராவுக்குப் பகை. பஞ்சாலையில் இழைத் துகள், பட்டறையில் இரும்புப் பொடி, சர்க்கரை ஆலையில் ஈர ஆவி. பிலிமை மாற்றுவதற்கு வெளியே வந்து நிழலில் நின்று மாற்றுங்கள். முடிந்த சுருளின் நாக்கை இறுக ஒட்டிப் பையில் மூடி வையுங்கள். தில்லியின் பனிக்காலத்துக் காலையில் குளிர்ந்த காமிராவை உலைக்கூடத்துக்குள் கொண்டுசென்றால் லென்ஸின்மேல் நீர் முத்துப் படியும். பையிலேயே கால்மணி நேரம் வைத்து, கூடத்தின் சூட்டுக்குப் பழக்கிய பிறகே வெளியில் எடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பாதுகாப்பு. வேட்டி, மேல்துண்டு, தொங்கும் காமிராப் பட்டை ஆகியவை சுழலும் பட்டைகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் இரையாகக்கூடியவை. உடலோடு ஒட்டிய ஆடையும் கனமான செருப்பும் அணிந்து செல்ல வேண்டும். கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓர் அடியும் பின்னே வைக்கக்கூடாது. திடீரென்று மின்வெட்டும் ஒளி, யந்திரத்தில் கை வைத்திருப்பவரின் கண்ணைக் கூசச் செய்து விபத்தை விளைவிக்கும். நிர்வாகத்தின் எழுத்து மூலமான அனுமதி இன்றி உள்ளே நுழையாதீர்கள். ரயில்வே, மின்சாரம், படைத்துறை சார்ந்த இடங்களில் இது மேலும் கண்டிப்பானது. முதல் நாள் காமிரா இல்லாமலே சென்று, மூலப்பொருள் நுழையும் வாயிலிலிருந்து முடிந்த பொருள் வெளியேறும் வாயில் வரை நடந்து பாருங்கள். எந்த மணிக்கு எந்த வேலை நடக்கிறது என்று மேஸ்திரியிடம் கேட்டறியுங்கள். மறுநாள் உங்கள் பன்னிரண்டு படங்களும் எங்கே இருக்கின்றன என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தொழிலாளரைப் படமெடுப்பதற்கு முன் அவர் இசைவைக் கேட்க வேண்டும். யந்திரத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி, மனிதருடைய முகத்துக்கு அனுமதி ஆகாது. இடுப்பளவில் வைத்துத் தலைகுனிந்து பார்க்கும் காமிரா இதற்கு ஏற்றது. அது முகத்துக்கு நேரே துப்பாக்கிபோல் நீளுவதில்லை. பெரிய வார்ப்பு உருளைக்கு அருகே ஒருவர் நின்றால்தான் அதன் அளவு விளங்கும் என்பதற்காக அவரை அளவுகோலாக மட்டும் நிறுத்துவது முறையன்று. அவர் கை செய்யும் வேலை தெரியவேண்டும். வேலையின் நடுவே கை எங்கே ஒரு கணம் நிலைக்கிறது என்று கவனித்தால், அரை விநாடிப் படத்திலும் அது தெளிவாக விழும். பின்னர் ஒரு பிரதியை அவரிடம் சேர்ப்பிப்பது நம் கடமை. ஆலை மூடப்பட்ட பிறகு அவர் வீட்டுச் சுவரில் அவர் உழைப்புக்கு எஞ்சும் சான்று அந்த ஒரு படமாகவே இருக்கக்கூடும்.

பாழடைந்த ஆலையைப் படமெடுப்பது இக்காலத்தில் பலருக்கு விருப்பமாயிருக்கிறது. உடைந்த கண்ணாடியும் முளைத்த அரசங்கன்றும் உள்ளத்தை உருக்குவனவே. ஆயினும் உயிர் போனபின் எடுத்த படம் வேலையைச் சொல்லாது. இயங்கும்போதே எடுக்க வேண்டியதன் அவசியம் இதுதான். அத்தகைய இடங்கள் இன்னும் இருக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து 1928இல் தொடங்கிய பொன்மலை ரயில்வே தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. நீலகிரி மலைப்பாதைக்குரிய நீராவி எஞ்சின்கள் அண்மை ஆண்டுகளில் அங்கே புதியனவாகச் செய்யப்பெற்றன. தில்லி வாசிகளுக்கு, 1893இல் அமைந்த ரேவாரி நீராவி எஞ்சின் கொட்டகை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. முனிர்காவில் இருப்பவர்கள் முதற்பயிற்சிக்கு அவ்வளவு தூரமும் போக வேண்டியதில்லை. 1977இல் சாணக்கியபுரியில் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் கரிய இரும்பையும் அதன் நிழலையும் அளந்து பழகலாம்.

எடுத்த படத்தோடு குறிப்பும் சேர வேண்டும். நாள், வேளை, யந்திரத்தின் பெயர், அதைச் செய்த ஊரும் ஆண்டும் பொறித்த தகட்டின் வாசகம், அது செய்யும் வேலை, இசைந்தால் இயக்குபவரின் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். தொழிலாளர் அந்த யந்திரத்தைத் தங்களுக்குள் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; அந்தச் சொல் எந்த அகராதியிலும் இராது. நெகடிவுகளை அமிலமற்ற உறைகளில் இட்டு, ஈரமும் வெப்பமும் அணுகாத இடத்தில் வைத்து, ஸ்கேன் செய்த பிரதியை வேறிடத்தில் காப்பாற்றுங்கள்.

நேயர்களே, நம் நாட்டிலேயே பிலிம் செய்வதற்கென்று உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை. 'இந்து' என்னும் பெயரோடு அங்கிருந்து வந்த பிலிம் நாடெங்கும் எத்தனையோ குடும்பங்களின் முகங்களைப் பதிவு செய்தது. அந்த ஆலையும் இன்று ஓய்ந்துவிட்டது. நம் படங்களைப் பதிவு செய்யப் பிலிம் தந்த ஆலையையே காலம் விட்டுவைக்கவில்லையென்றால், பிற ஆலைகளைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. உங்கள் ஊரிலோ அருகிலோ பழைய அச்சுக்கூடமோ, நெல் ஆலையோ, ஓட்டுத் தொழிற்சாலையோ ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அனுமதி கேட்கும் கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள்.